கடித்தது யாருமில்லை

"ராத்திரி நீங்க பார்த்திருக்கணும் டாக்டர். இப்ப ஒண்ணுமே இல்ல."

காணாக்கடியோடு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான். பொய் சொல்வதாக நினைத்துவிடுவேனோ என்று குரலில் ஒரு கூச்சமும் இருக்கும். கொசுக்கடி போலத் தொடங்கி, உள்ளங்கை அகலத்துக்குத் தடித்துச் சிவந்து, இரவெல்லாம் தூங்கவிடாமல் அரித்தது, காலையில் குளித்து முடிப்பதற்குள் காணாமல் போயிருக்கும். தடம் வைக்காமல் மறைவதுதான் இந்த நோயின் அடையாளமே. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்றுதான் நம் ஊரில் இதற்குக் காணாக்கடி என்று பெயர் வைத்தார்கள். வேப்பிலை அடித்து மந்திரிப்பதும் வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்வதும் அந்தக் கடிக்குத்தான். பலருக்குச் சில நாளில் சரியாகியும் விடும். புதிதாக வரும் காணாக்கடி, என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் தானாக அடங்கக்கூடியது. பெயர் மட்டும் மந்திரித்தவருக்குப் போகும். ஆறு வாரம் தாண்டியும் விடாமல் வந்துகொண்டிருந்தால் அதை நாள்பட்டது என்கிறோம். நான் பேச வந்தது அதைப் பற்றி.

எங்கள் பக்கத்துச் சத்துணவு மையம் ஒன்றில் சமைக்கும் ஓர் அம்மா வந்திருந்தார். பதினான்கு மாதமாகத் தடிப்பு. கத்திரிக்காய், கருவாடு, தக்காளி, முட்டை, வேர்க்கடலை, பால் என்று கரப்பான் பண்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டிருந்தார். தினமும் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துப் போடுகிறவர், தான் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டு எட்டு கிலோ இளைத்திருந்தார். கையில் ஒரு லேப் ரிப்போர்ட், பல ஆயிரம் ரூபாய் செலவு. அதில் இருபது உணவுகளுக்கு எதிரே 'பாசிட்டிவ்' என்று இருந்தது.

"இதையெல்லாம் விட்ட பிறகு அரிப்பு நின்றதா அம்மா?"

"இல்ல டாக்டர். ஏகாதசிக்குப் பட்டினி கிடந்த அன்னைக்கும் வந்துச்சு."

பதில் அவரிடமே இருந்தது. உண்மையான உணவு அலர்ஜி பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். அந்த உணவைத் தொடும்போதெல்லாம் வரும், தொடாதபோது வராது. மாதக்கணக்கில் தினமும் வரும் தடிப்புக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது மிக அபூர்வம். ரத்தத்தில் 'பாசிட்டிவ்' என்று வருவதாலேயே அந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தமும் இல்லை. நாள்பட்ட காணாக்கடிக்கு இந்த நீளமான அலர்ஜி பட்டியல் பரிசோதனையை நான் எழுதிக் கொடுப்பதில்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, தேவைப்பட்டால் அலர்ஜியோடு தொடர்புடைய ஐஜிஇ என்ற ஆன்டிபாடியின் (எதிர்ப்புப் புரதத்தின்) மொத்த அளவு, தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி, அவ்வளவுதான்.

அப்படியானால் எது காரணம்? தோலுக்குள் மாஸ்ட் செல் என்று ஒரு வகை செல் இருக்கிறது. 1878இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் வைத்த பெயர், ஜெர்மன் மொழியில் 'மாஸ்ட்' என்றால் கொழுக்க வைப்பது. உள்ளே நிறைந்து கிடக்கும் துகள்களைப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த செல் என்று நினைத்துவிட்டார். அவை உணவல்ல, ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் ரசாயனத்தின் மூட்டைகள். மூட்டை உடைந்தால் சின்ன ரத்தக்குழாய்கள் கசிந்து தோல் தடிக்கும், நரம்பு தூண்டப்பட்டு அரிக்கும். வெளியிலிருந்து எதுவும் வராமலேயே, பலருக்கு உடலின் சொந்த ஆன்டிபாடிகளே இந்த மூட்டைகளை உடைக்கின்றன. தைராய்டு கோளாறு இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதும் இதனால்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. தொட்டால் ஒட்டாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில் மறைக்க வேண்டிய வியாதியும் அல்ல. (இதைக் கேட்காத அம்மாக்கள் குறைவு.)

பாவாடை நாடா கட்டிய இடத்திலும் பை மாட்டிய தோளிலும் மட்டும் வருகிறதென்றால் அது வேறு கிளை. அழுத்தம், குளிர், வியர்வை, வெயில் என்று தூண்டுவது எதுவென்று தெரிந்த வகைகள் அவை. இவர்களில் சிலருக்குப் பேனாவின் பின்பக்கத்தால் முதுகில் ஒரு கோடு இழுத்தால், சில நிமிடத்தில் அந்தக் கோடு அப்படியே புடைத்து நிற்கும். பிள்ளைகளுக்கு இதைப் பார்க்க ஒரே வேடிக்கை.

சரி, மருந்து. செட்டிரிசின், லிவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற, ஹிஸ்டமினைத் தடுக்கும் இரண்டாம் தலைமுறை மாத்திரைகள்தான் அடிப்படை. மாத்திரை சரியாகத்தான் இருக்கும், எடுக்கும் முறைதான் தவறு. தடித்த பிறகு ஒன்று போடுகிறார்கள், அடங்கியதும் நிறுத்துகிறார்கள். ஹிஸ்டமின் வந்து உட்காரும் இடத்தை முன்கூட்டியே பிடித்து வைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, கூட்டம் ஏறிய பிறகு துண்டு போட்டுப் பயனில்லை. தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் போதவில்லை என்றால் மருத்துவர் நான்கு மடங்கு வரைகூட அளவைக் கூட்டலாம், சர்வதேச வழிகாட்டுதல் அதை அனுமதிக்கிறது. நீங்களாகக் கூட்டாதீர்கள். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரில் விழுங்குங்கள். பழச்சாறு அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். சிபிஎம், அவில் மாதிரியான பழைய மாத்திரைகள் மறுநாள்வரை மந்தமாக வைத்திருக்கும், வண்டி ஓட்டுகிறவர்கள் கவனம்.

அதற்கும் அடங்காதவர்களுக்கு ஓமலிசுமாப் ஊசி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம். 2014இலிருந்து இந்த நோய்க்குப் பயன்பாட்டில் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது, விலைதான் கையைக் கடிக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரினும் உண்டு, ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டே தர வேண்டும்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 'அரிப்பு மாத்திரை' என்று கேட்டு வாங்குவதில் ஸ்டீராய்டும் சேர்ந்துவிடுகிறது. போட்ட அன்றே சுகம், விட்ட மறுநாளே தடிப்பு, மறுபடி கடை. முகம் ஊதி, சர்க்கரை ஏறி வருகிறார்கள். கடுமையாக இருக்கும்போது சில நாள், பத்து நாளுக்கு மிகாமல் நாங்களே கொடுப்போம். மாதக்கணக்கில் அதற்கு வேலையில்லை.

மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் போடும் டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் சிலருக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும். பாராசிட்டமால் பெரும்பாலும் தொல்லை தராது. அரிப்பே இல்லாமல் உதடோ நாக்கோ மட்டும் வீங்குகிறதென்றால் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பார்த்து, அன்றே மருத்துவரிடம் போங்கள். தொண்டை இறுகுவது, குரல் மாறுவது, மூச்சுத் திணறல், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108. இன்னொன்று, ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகும் அது அதே இடத்தில் இருந்தாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் கூடுதலாக இருந்து கன்றிய தடம் விட்டாலோ, அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். சின்னத் துண்டு தோல் எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

அந்த அம்மாவிடம், பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே தினமும் இரண்டு எண் எழுதச் சொன்னேன். தடிப்புக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று, இரண்டுமே 0 முதல் 3 வரை. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6, வாரத்துக்கு 42. முதல் வாரம் 31. அளவைக் கூட்டி ஆறாவது வாரம் 9. பிறகு மெல்ல மெல்லப் பூஜ்யங்கள்.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று கேட்டார். பலருக்கு ஒன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தானாகவே அடங்குகிறது, சிலருக்கு நீள்கிறது, தேதி சொல்ல முடியாது என்றேன். நிறுத்தும்போதும் என்னைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றேன். நீண்ட நாள் சாப்பிட்ட செட்டிரிசினைச் சட்டென்று விட்டால் அபூர்வமாகச் சிலருக்குக் கடும் அரிப்பு வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் எச்சரித்திருக்கிறது.

நான்காவது மாதம் காலண்டரைச் சுருட்டி எடுத்து வந்தார். கன்னம் கொஞ்சம் நிறைந்திருந்தது. "இனி முட்டை சாப்பிட ஆரம்பிக்கலாம் அம்மா" என்றேன்.

"ஒரு மாசமா சாப்பிட்டுக்கிட்டுத்தான் டாக்டர் இருக்கேன். நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."