வோட் 27000 தெரியுமா? அறிவியல் பட்டதாரிகளுக்கு அதிகம் சொல்லப்படாத ஒரு வேலை

பல்கலைக்கழக ஆய்வு மேலாண்மை அலுவலகத்தில் வேலை என்று சொன்னால் நம்மவர்களிடமிருந்து அடுத்து வரும் கேள்வி, "அப்போ கிளார்க் வேலையா?" பினாங்கில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பிலும் இதைத்தான் கேட்கிறார்கள், கோலாலம்பூரில் கல்யாணப் பந்தியிலும் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அறிவியல் படித்த பிள்ளைக்கு நம் வீடுகளில் தெரிந்த வழிகள் கொஞ்சம்தான்: மருத்துவம் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பயிற்சி, அதுவும் இல்லையென்றால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு. சிலர் மருந்து விற்பனைக்குப் போவார்கள். முதுகலை வரை படித்துவிட்டு, ஆய்வகமே வேண்டாம் என்று வெளியே வந்து கிரேப் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் உண்டு.

அந்தக் கடைசி வகையினரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அறிவியல் பிடிக்கும், ஆனால் பிப்பெட்டும் கையுமாக ஆயுளைக் கழிக்க முடியாது என்பவர்களுக்கு ஆய்வு மானிய நிர்வாகம் நல்ல இடம். அது எப்படிப்பட்ட வேலை என்பதைப் பணத்தின் பாதையிலிருந்தே தொடங்கலாம்.

மலேசியாவில் விரிவுரையாளர் ஒருவர் ஆய்வுக்குப் பணம் கேட்கும் முதன்மையான வாசல் உயர்கல்வி அமைச்சு. அடிப்படை ஆய்வுக்கு எஃப்.ஆர்.ஜி.எஸ்., ஆய்வகத்தில் கண்டதை மாதிரிப் பொருளாக்க பி.ஆர்.ஜி.எஸ்., பல துறைகள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு டி.ஆர்.ஜி.எஸ்., நீண்டகாலத் திட்டங்களுக்கு எல்.ஆர்.ஜி.எஸ். என்று தனித்தனி மானியங்கள். விண்ணப்பம் மைகிராண்ட்ஸ் என்ற இணைய அமைப்பின் வழியே போகும். அமைச்சுக்குப் போகுமுன் பல்கலைக்கழகமே ஒரு சுற்று சலித்தெடுக்கும். மோஸ்தி என்கிற அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சுக்கு வேறு நிதிகள், வேறு விதிகள். 2006இல் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உட்பட நான்குக்கு ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. 2010இல் ஐந்தாவதாக மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (யு.டி.எம்.) சேர்ந்தது. ஆய்வுப் பணம் பெருகப் பெருக, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

இனி மேசைக்கு வருவோம். உண்மை விண்ணப்பத்தைக் காட்ட முடியாது, அது ரகசியம். அதனால் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஜூரு ஆற்றுமுகத்துக் கெராங் சிப்பிகளில் கன உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன, மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகின்றன என்று பார்க்க ஒருவர் மானியம் கேட்கிறார். ஆறு இடங்கள், பன்னிரண்டு மாதங்கள், ஒவ்வொரு முறையும் மூன்று மாதிரிகள். மொத்தம் 216. உலோக அளவை நுணுக்கமாக அளக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவியில் ஒரு மாதிரியைச் சோதிக்க 80 ரிங்கிட் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் 17,280 ரிங்கிட் ஆகிறது. பட்ஜெட்டில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் எண்ணிட்ட ஒரு தலைப்பு உண்டு, அதைத்தான் வோட் என்கிறோம். அந்தப் பக்கத்தைப் புரட்டினால், வெளிச் சேவைகளுக்கான வோட் 29000இல் 6,000 ரிங்கிட்தான் எழுதியிருக்கிறார்.

கணக்கு மட்டும் தெரிந்தவர் இங்கே ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார், ஏனென்றால் கூட்டுத்தொகை சரியாகத்தான் இருக்கும். வழிமுறைப் பகுதியைப் படித்து, மாதிரிகளை எண்ணி, அதைப் பட்ஜெட்டோடு பொருத்திப் பார்ப்பவருக்குத்தான் ஓட்டை தெரியும். விண்ணப்பதாரரைக் கூப்பிட்டுச் சொன்னால், "சரி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக்கொள்கிறேன்" என்பார். 72 மாதிரி, 5,760 ரிங்கிட், பணத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதோடு விட்டுவிடலாமா? கூடாது. மாதந்தோறும் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதானே ஆய்வின் நோக்கம்? வருஷத்துக்கு நாலு முறை எடுத்த மாதிரியை வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஒன்று நோக்கத்தை மாற்ற வேண்டும், இல்லை பணத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும், இல்லை இடங்களைக் குறைக்க வேண்டும். போதாக்குறைக்கு, அளவீடு சரிதானா என்று பார்க்க சிப்பி சேர்க்காத வெற்று மாதிரிகளையும், உலோக அளவு ஏற்கெனவே தெரிந்த சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளையும் சேர்த்து ஓட்ட வேண்டும், அதற்கும் பணம். மாதிரியைக் கரைக்கும் அமிலம், ஆய்வுப் பொருள்களுக்கான வோட் 27000இல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதுதான் அந்த "கிளார்க் வேலை". வேதியியலில் ஒரு பி.எஸ்சி. இருந்தால் இந்த உரையாடலை நடத்தலாம். நல்ல யோசனை இருந்தும் இப்படி ஒட்டாத பட்ஜெட்டோடு போகிற விண்ணப்பம், மதிப்பீட்டுக் குழுவின் கையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே அடிபடும்.

வேலை விண்ணப்பத்தோடு முடிவதில்லை. மானியம் கிடைத்தபின் இரண்டு மூன்று வருஷம் அந்தத் திட்டத்தோடு கூடவே போக வேண்டும். மாணவ ஆய்வு உதவியாளருக்கு வோட் 11000இலிருந்து சம்பளம், களப்பயணத்துக்கு 21000, கருவிக்கு 35000. ஒரு வோட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை நகர்த்த வேண்டுமென்றால் காரணம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். "கருவி வாங்கவில்லை, அந்தப் பணத்தில் மாநாட்டுக்குப் போகலாமா?" என்ற கேள்வி ஆண்டுக் கடைசியில் தவறாமல் வரும். மனிதர்களிடமோ விலங்குகளிடமோ ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும்வரை தொடங்க முடியாது. கால அட்டவணையில் முதல் மாதத்திலேயே நோயாளிகளைச் சேர்ப்பதாக எழுதியிருந்தால், அதைப் பிடிக்க வேண்டியதும் இந்த மேசைதான். கடைசியில் இறுதி அறிக்கை: கட்டுரைகள் வெளிவந்தனவா, மாணவர் பட்டம் முடித்தாரா, வாங்கிய கருவி எங்கே இருக்கிறது.

பேராசிரியர்களோடு பொறுமையாகப் பேசுவதும் வேலையின் பாதி. கெடுவுக்கு முந்தின இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் வரும்: "அம்மா, சிஸ்டம் என் ஃபைலை ஏற்க மாட்டேங்குது." அவரும் தூங்கியிருக்க மாட்டார் பாவம்.

வேலை எங்கே கிடைக்கும்? முதலில் பொதுப் பல்கலைக்கழகங்கள். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் அதோடு நிற்க வேண்டியதில்லை. பினாங்கு பத்து மாவுங்கில் வேர்ல்ட்ஃபிஷ் தலைமையகம் இருக்கிறது. உலக நாடுகளிலிருந்து வரும் மானியத்திலேயே மீன்வள ஆய்வு செய்யும் அமைப்பு அது. இப்படிப்பட்ட அமைப்புகளில் மானிய மேலாளர்கள் இல்லாமல் ஒரு நாளும் நகராது. மின்னணுத் தொழிலையும் பல்கலைக்கழகங்களையும் இணைத்து ஆய்வுக்கு நிதி தரும் கிரெஸ்ட் இதே தீவில் பிறந்தது. கோலாலம்பூர்ப் பக்கம் போனால் புத்ராஜெயா அமைச்சுகள், புக்கிட் ஜாலிலில் ஆய்வைச் சந்தைக்குக் கொண்டுபோக உதவும் அரசு நிறுவனமான மிராந்தி, சுபாங் ஜெயாவில் நன்கொடையிலும் மானியத்திலும் இயங்கும் கேன்சர் ரிசர்ச் மலேசியா. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து தேடும் டி.என்.டி.ஐ. அமைப்பின் தென்கிழக்காசிய அலுவலகமும் கோலாலம்பூரில்தான். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான ராவிடாஸ்விர் மருந்து 2021இல் இங்கே பதிவு பெற்றதன் பின்னால் மருத்துவர்களின் உழைப்போடு ஒப்பந்தம், நிதி, அனுமதி என்று காகிதத்தைக் கையாண்டவர்களின் உழைப்பும் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்களுக்கு 1959லிருந்தே சொந்தச் சங்கம் உண்டு. இங்கே இது இன்னும் பலருக்குத் "தற்செயலாக வந்து சேர்ந்த வேலை"தான். நானும் அப்படித்தான் வந்தேன்.

இனிக் கசப்பான பக்கம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. தொழிற்சாலையில் சேர்ந்த உங்கள் வகுப்புத் தோழர் முதல் சில வருஷங்களுக்கு உங்களைவிட அதிகம் வாங்குவார். பொதுத்துறைப் பதவி உயர்வு மெதுவாக வரும். கட்டுரையில் உங்கள் பெயர் வராது, வந்தால் நன்றி சொல்லும் வரியில் வரலாம். இதெல்லாம் உறுத்தும் என்றால் இந்த வேலை வேண்டாம். கண்டுபிடிப்பு தன் கையால்தான் நடக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் இங்கே வந்து வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

மொழி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது, பலர் அதை உணர்வதில்லை. விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கடிதப் போக்குவரத்தும் நிதி விதிகளும் மலாயில். தேசியப் பள்ளியிலோ தமிழ்ப்பள்ளியிலோ தொடங்கி, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாயில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் இரண்டையும் சிரமமில்லாமல் கையாள்வார்கள். வெளிநாட்டில் பட்டம் படித்துத் திரும்பிய சிலர் மலாய்க் கடிதம் ஒன்றை எழுதத் திணறுவதைப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

போன தீபாவளிக்குப் பட்டர்வொர்த்தில் ஓர் உறவுக்காரப் பையன் கேட்டான்: "அக்கா, நான் மோலிகுலர் பயாலஜி. எக்கவுண்ட்ஸ் ஒண்ணுமே தெரியாதே, எடுப்பாங்களா?"

"எக்ஸெல் தெரியுமா தம்பி?"

"தெரியும்."

"உன் மேற்பார்வையாளரோட கிராண்ட்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. அங்கேதான் தொடங்க வேண்டும். முதுகலை மாணவராக இருந்தால் மேற்பார்வையாளரிடம் திட்டத்தின் செலவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இடைக்கால அறிக்கை எழுத உதவுகிறேன் என்று சொல்லுங்கள்; மறுக்கும் பேராசிரியரை நான் கண்டதில்லை. ரசாயனம் வாங்கும்போது கொட்டேஷன் எடுப்பதிலிருந்து பில் போய்ச் சேரும்வரை ஒரு முறை கூடவே போய்ப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது "தலைமைத்துவப் பண்பு" என்றெல்லாம் எழுதுவதைவிட இந்த அனுபவத்தை இரண்டு வரியில் எழுதினால் நேர்முகத்துக்குக் கூப்பிட வாய்ப்பு அதிகம்.

விளம்பரம் தேடும்போது "ஆய்வு" என்ற சொல்லோடு நிறுத்தாமல் நிர்வாக அதிகாரி, திட்ட அதிகாரி, மானிய அதிகாரி என்றும் தேடுங்கள். பொதுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையத்தளத்திலேயே காலியிடங்களைப் போடும். நிரந்தர இடங்கள் குறைவு, ஒப்பந்த இடங்கள்தான் அதிகம் வரும். அதில் சேர்வது தப்பில்லை. கையெழுத்துப் போடுமுன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: சம்பளம் அலுவலகத்தின் சொந்த பட்ஜெட்டிலிருந்தா, ஏதோ ஒரு திட்டத்தின் வோட் 11000இலிருந்தா? திட்டத்திலிருந்து என்றால் அந்தத் திட்டம் முடியும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிட வேண்டும்.