மாரத்தானில் குடல் காலை வாரும்போது

மாரத்தானில் 30 கிலோமீட்டர் தாண்டியதும் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, அவசரமாகக் கழிப்பறை தேடும் நிலை என்று தவிப்பவர்கள் நிறைய. கடுமையாக ஓடும்போது உடல் ரத்தத்தைத் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் 80 சதவீதம் வரைகூடக் குறையலாம். ஆக்சிஜன் இல்லாமல் திணறும் குடல் சுவரில், செல்களை நெருக்கிப் பிடித்திருக்கும் புரதப் பிணைப்புகள் தளர்ந்துவிடுகின்றன. அந்த இடுக்கு வழியே பாக்டீரியாக்களின் மேலுறை நச்சு ரத்தத்தில் கசிந்து அழற்சியைக் கிளப்புகிறது. வெயிலில் ஓடினால் கசிவு கூடும்; ஐபுபுரோஃபென் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இன்னும் மோசம்.

புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள், உதவக்கூடியது இங்கேதான். அவற்றில் ஒன்றான பிஃபிடோபாக்டீரியம் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அசிட்டேட், லாக்டேட் என்ற இரண்டு அமிலப் பொருட்களையும் வெளியிடுகிறது. வேறு சில பாக்டீரியாக்கள் அவற்றை பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். ஆகவே நார்ச்சத்தே சாப்பிடாமல் காப்ஸ்யூலை மட்டும் விழுங்குவதில் பெரிய பயனில்லை.

வேகம் கூடுமா? 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 24 ஓட்டக்காரர்களில் ஒரு பாதிக்கு 28 நாட்கள், தினம் 2,500 கோடி நுண்ணுயிர்கள் கொண்ட காப்ஸ்யூலும், மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்து மாரத்தான் ஓடவைத்தார்கள். கடைசி மூன்றிலொரு பங்கு தூரத்தில் புரோபயாட்டிக் குழுவுக்கு வயிற்றுத் தொல்லை குறைந்தது. ஓடி முடித்த நேரத்தில் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பாஸ்டன் மாரத்தான் வீரர்களிடம் கண்டறிந்த வெயில்லோனெல்லா பாக்டீரியா, லாக்டேட்டைத் தின்று புரோப்பியோனேட் தருகிறது. இந்தப் பாக்டீரியாவைப் பெற்ற எலிகள் 13 சதவீதம் கூடுதல் நேரம் ஓடின. எலியின் கணக்கை மனிதருக்கு அப்படியே போடக்கூடாது. "வேகம் கூடும்" என்று விற்பவரை நம்பாதீர்கள்.

வாங்கும்போது இனப் பெயரோடு திரிபின் (அந்த இனத்துக்குள் இருக்கும் குறிப்பிட்ட வகையின்) எண்ணும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். ஒரு திரிபில் கிடைத்த பலனை இன்னொன்றிடம் எதிர்பார்க்க முடியாது. நுண்ணுயிர் எண்ணிக்கை தயாரித்த அன்றைக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்பதும் முக்கியம். வெயிலில் நிற்கும் காரில் டப்பாவை விட்டால் பாதிக்கு மேல் செத்துப்போகலாம்.

போட்டிக்கு நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் சில நாட்கள் வாயுவும் உப்புசமும் வரலாம் என்பதால் போட்டி வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். பயிற்சியில் குடிக்கும் அதே எனர்ஜி ஜெல்லோடு நீண்ட ஓட்டங்களில் சோதித்துப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நிறுத்திய சில வாரங்களில் இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் குடலைவிட்டுப் போய்விடும். அதனால் போட்டி நாள் வரை ஒருநாளும் விடாமல் எடுக்கவேண்டும்.