பிரைட்டன் நகரசபைத் தேர்தல்: மாணவர் விசாவில் இருப்பவருக்கும் ஓட்டு உண்டு

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறது பிரைட்டன். இரண்டு பல்கலைக்கழகங்கள் உள்ள ஊர் என்பதால் சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் படிக்கப் போகிறவர்கள் உண்டு. அங்கே போய் இறங்கியவர்களில் பலர், "ஓட்டெல்லாம் குடியுரிமை வாங்கிய பிறகுதானே" என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள். அது தவறு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்குமே காமன்வெல்த் நாடுகள். இவற்றின் குடிமக்கள் 18 வயது நிரம்பி, முறையான விசாவோடு அங்கே குடியிருந்தால் நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலிலும் போடலாம். இத்தனை ஆண்டு தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

இது புதிதாகக் கிடைத்த சலுகையும் இல்லை. பிரிட்டிஷ் பேரரசுக் காலத்தில் எல்லோரும் ஒரே முடியின் குடிகள் என்று சட்டம் சொன்னது. அந்தக் குடிகளுக்கு இருந்த ஓட்டுரிமை, நாடுகள் விடுதலை பெற்ற பிறகும் எடுக்கப்படாமல் தொடர்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் நிலை வேறு. 2024 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் அவர்களுக்கு விதி இறுகிவிட்டது. இன்று ஜெர்மனியிலிருந்து புதிதாக வரும் மாணவருக்கு பிரைட்டனில் ஓட்டு கிடையாது. மதுரையிலிருந்து அதே வாரம் வருபவருக்கு உண்டு. கையில் இருக்கும் உரிமையைத் தெரியாமலே விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த ஊரின் தேர்தல் வரலாற்றைப் பார்த்தால் இந்த ஓட்டின் மதிப்பு புரியும். பிரைட்டன் 1854-ல் நகரசபை அந்தஸ்து பெற்றது. அன்று ஓட்டு எல்லோருக்கும் இல்லை, வீட்டு வரி கட்டியவர்களுக்குத்தான். 1869-ல் வரி கட்டும் பெண்களுக்கும் நகரசபை ஓட்டு கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே நீதிமன்றம் குறுக்கிட்டு, மணமான பெண்களுக்கு அது இல்லை என்று சொல்லிவிட்டது. ஓட்டை மறைவாகப் போடும் முறை 1872-ல் வந்தது. பெண்கள் நகரசபை உறுப்பினராகலாம் என்ற சட்டம் 1907-ல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, சஃபோக் கரையிலுள்ள ஆல்ட்பரோ என்ற சின்னக் கடலோர ஊரில் டாக்டர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் மேயரானார். இங்கிலாந்தின் முதல் பெண் மேயர் அவர்தான். வரி கட்டினாலும் கட்டாவிட்டாலும் வயது வந்த எல்லோருக்கும் உள்ளாட்சி ஓட்டு என்பது 1945-ல்தான் நடந்தது.

1974 வரை இன்னொரு வழக்கமும் இருந்தது. சபையில் ஒரு பகுதியினர் ஆல்டர்மேன்கள். மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அது ஒழிந்தது நல்லதுதான்.

இப்போதுள்ள சபை பிரைட்டனும் பக்கத்து ஊரான ஹோவும் இணைந்து 1997-ல் உருவானது. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, குப்பை, பார்க்கிங், கடற்கரை எல்லாம் இந்த ஒரே சபையின் கையில். ஹேஸ்டிங்ஸ், வொர்திங் போன்ற அக்கம்பக்கத்துக் கடலோர ஊர்களில் அப்படி இல்லை. அங்கே குப்பை ஒரு சபைக்கு, பள்ளி மாவட்ட சபைக்கு என்று வேலை பிரிந்து கிடந்தது. தேர்தல் முறையும் ஊருக்கு ஊர் மாறும். பிரைட்டனில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 54 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். ஹேஸ்டிங்ஸில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதி இடங்களுக்கு நடத்தும் வழக்கம்.

பிரைட்டனில் மேயர் என்பது கௌரவப் பதவி, ஆண்டுதோறும் ஆள் மாறும். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் வேண்டுமா என்று 2001-ல் ஓட்டெடுப்பு நடந்தது. ஊர் மக்கள் வேண்டாம் என்றார்கள். அதனால் அதிகாரம் பெரிய கட்சியின் சபைத் தலைவரிடம் இருக்கிறது. அந்தப் பெரிய கட்சி எது என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது.

பசுமைக் கட்சிக்கு அங்கே 1996-ல் ஒரே ஒரு கவுன்சிலர். 1999-ல் 3, 2003-ல் 6, 2007-ல் 12. 2011-ல் 23 இடம் பிடித்து, பிரிட்டனிலேயே முதல்முறையாக ஒரு நகரசபையை அந்தக் கட்சி நடத்தியது. 54-ல் 23 என்பது பெரும்பான்மை இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் எதிர்க்கட்சிகளின் கையைப் பார்க்க வேண்டியிருந்தது. 2013-ல் துப்புரவுத் தொழிலாளர்களின் சம்பளப் படி விவகாரம் வேலைநிறுத்தமாக வெடித்து, தெருவெல்லாம் குப்பை குவிந்தது. 2015-ல் பசுமைக் கட்சி 11 இடத்துக்கு இறங்கியது. லேபர் கட்சி 23 இடங்களோடு வந்தது. 2019-ல் லேபர் 20, பசுமை 19. அடுத்த ஆண்டே லேபர் உறுப்பினர்கள் சிலர் கட்சியை விட்டு விலக, தேர்தலே நடக்காமல் ஆட்சி பசுமைக் கட்சிக்குப் போனது. 2023-ல் லேபர் 38 இடங்களோடு தனிப்பெரும்பான்மை பெற்றது. இந்தச் சபையில் அதற்கு முன் இருபது ஆண்டுகளாக எந்தக் கட்சியும் தனிப்பெரும்பான்மை பெற்றதில்லை.

இப்படி ஓரிரு இடத்தில் ஆட்சி தொங்கும் ஊரில் எடுக்கும் முடிவுகள் சின்னவை அல்ல. கடற்கரையில் 162 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஐ360 என்ற காட்சிக் கோபுரத்துக்கு நகரசபை 3.6 கோடி பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்தது. 2016-ல் திறந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2024-ல் அந்த நிறுவனம் நொடித்துப்போக, வட்டியோடு ஏறிய சுமார் 5.1 கோடி பவுண்டு கடனைச் சபை தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. ஒரு ஊரின் பணம் எங்கே போகிறது என்பது அங்கே வாடகைக்கு இருப்பவரையும் தொடும் விஷயம்தான்.

சரி, ஓட்டுப் போட என்ன செய்ய வேண்டும்? முதலில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர வேண்டும், அது தானாகச் சேராது. அரசு இணையதளத்தில் பதிய ஐந்து நிமிடம் போதும். தேசியக் காப்பீட்டு எண் (வேலை, வரிக் கணக்குக்காக அந்த அரசு தரும் எண்) கேட்பார்கள். இல்லையென்றாலும் பதியலாம், வேறு ஆவணம் கேட்டால் அனுப்ப வேண்டியிருக்கும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் பதிவு முடிந்துவிடும். பதிந்துகொள்ளுங்கள் என்று சபை கடிதம் அனுப்பியும் பேசாமல் இருந்தால் 80 பவுண்டு அபராதம் வரலாம். பட்டியலில் பெயர் இருப்பது வங்கியில் கடன் மதிப்பீட்டுக்கும் உதவும். கல்லூரி முகவரி ஒரு ஊரிலும் வீடு வேறொரு ஊரிலும் இருக்கும் மாணவர் இரண்டு இடத்திலும் பதியலாம். சபைகள் வேறு வேறு என்றால் உள்ளாட்சித் தேர்தலில் இரண்டிலும் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு இடத்தில் மட்டும்தான்.

2023 மே முதல் வாக்குச்சாவடிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். நமக்கு இதில் கஷ்டமில்லை: காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் போதும். மாணவர் அடையாள அட்டை செல்லாது. பாஸ்போர்ட் விசா வேலைக்காக எங்காவது போயிருந்தால், இலவச வாக்காளர் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், அல்லது தபால் ஓட்டு கேட்கலாம்.

உள்ளே விரலில் மை வைக்க மாட்டார்கள், இயந்திரமும் கிடையாது. காகிதச் சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். வார்டுக்கு 2 அல்லது 3 கவுன்சிலர்கள் என்பதால் அத்தனை குறிகள் போடலாம். குறைவாகவும் போடலாம், கூடிவிட்டால் சீட்டு செல்லாது.

வேட்பாளராக நிற்க மட்டும் மாணவர் விசா போதாது; நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வேண்டும். அது இருந்தால், முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று அந்த வார்டு வாக்காளர்கள் இருவர் கையெழுத்துப் போதும். டெபாசிட் தொகை கிடையாது.

தேர்தல் நாள் வழக்கமாக மே மாதத்தின் முதல் வியாழன். விடுமுறை விட மாட்டார்கள், ஆனால் காலை 7 மணிமுதல் இரவு 10 மணிவரை சாவடி திறந்திருக்கும். வேலை முடிந்து ஓடி வந்து 10 மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால், உங்கள் முறை எப்போது வந்தாலும் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும்.