601ஆவது யூனிட்டின் விலை: வீட்டு மின்கட்டணத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

ஒரு மாதத்தில் உங்கள் வீட்டில் 600 யூனிட் மின்சாரம் ஓடினால், வரியும் மாதாமாதம் மாறும் சரிக்கட்டும் தொகையும் சேர்க்காமல் பில் 212 ரிங்கிட் 58 சென். 601 ஓடினால் 231 ரிங்கிட் 95 சென். அந்த ஒரு யூனிட்டுக்கு 19 ரிங்கிட்டுக்கு மேல்! பினாங்கில் ஏர்கோன் போட்டுத் தூங்கும் குடும்பங்கள் பல இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய கட்டணமுறை நடப்பில் இருக்கிறது. 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு, யூனிட் ஒன்றுக்கு மின்சக்திக் கட்டணம் 27.03 சென், மின்நிலையங்களின் திறனுக்கான கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பித்தடக் கட்டணம் 12.85 சென். மொத்தம் 44.43 சென்.

அப்புறம் கழிவு வருகிறது. சிக்கனமாக இருப்பவர்களுக்கான ஊக்கத்தொகை இது. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். 551 முதல் 600 வரை 9 சென், 601 முதல் 650 வரை 7.5 சென். இப்படியே தேய்ந்து 1,000 யூனிட்டோடு முடிந்துவிடும். பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. இந்தக் கழிவு படிப்படியாகப் பிரித்துப் போடப்படுவதில்லை. மாத மொத்தம் எந்த வரிசையில் விழுகிறதோ, அந்த விகிதமே எல்லா யூனிட்டுக்கும். ஆகவே 600-ஐத் தாண்டியதும் முதல் யூனிட்டிலிருந்தே கழிவு குறைகிறது. கூடவே 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் (retail charge) சேர்கிறது, எரிபொருள் விலையை ஒட்டி மாதாமாதம் மாறும் சரிக்கட்டும் தொகை கூடவோ குறையவோ செய்கிறது, 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேர்கிறது.

சரி, நம் வீடு எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாட் வேறு, யூனிட் வேறு என்பது பிடிபட்டால் போதும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு எத்தனை கப் மோர் ஊற்றுகிறார்கள் என்பது வாட். விடியும்வரை மொத்தம் எத்தனை கப் போனது என்பது யூனிட். ஒன்று திறன், மற்றது ஆற்றல். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அதாவது 1 கிலோவாட் மணி. பள்ளிப் பாடத்து ஜூலில் சொன்னால் 36 லட்சம் ஜூல்.

குளியலறை ஹீட்டரில் 3,600 வாட் என்று பார்த்ததும் பயப்படுவோம். நான்கு பேர் தலைக்கு 10 நிமிடம் குளித்தால் நாளுக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72. ஏர்கோன் 800 வாட்தான் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி நேரம் ஓடினால் 6.4 யூனிட், மாதத்துக்கு 192. வாட் சிறியது, நேரம்தான் பெரியது.

ஏர்கோனில் போட்டிருக்கும் ‘ஹெச்பி’யை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். ஆனால் கடையில் 1 ஹெச்பி என்றால் மணிக்கு ஏறக்குறைய 9,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் என்று அர்த்தம். வாட்டில் அது 2,600-க்கு மேல் வரும். இழுக்கும் மின்சாரம் அதைவிட மிகக் குறைவு. சரியான எண் இயந்திரத்தின் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும்.

கேஸ் தோம்பை மட்டும் எடை பார்த்து வாங்குகிறோம். அதையும் யூனிட்டாக மாற்றலாம். சமையல் கேஸ் ஒரு கிலோவில் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் உண்டு. 14 கிலோவுக்கு 644 மெகாஜூல், 3.6-ஆல் வகுத்தால் 179 யூனிட். கட்டுப்பாட்டு விலை 26 ரிங்கிட் 60 சென் என்றால் யூனிட்டுக்கு 15 சென் விழுகிறது. அடுப்பில் நிறைய வெப்பம் பாத்திரத்துக்கு வெளியே போய்விடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வறியவர்களுக்கான அரசாங்கப் பதிவேடான இக்காசேயில் மிக வறிய நிலையில் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டணக் கழிவு தனியாக உண்டு. தகுதியுள்ள முதியவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், பதிவு இருக்கிறதா என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். பில் வந்த 15ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மின்சார நிறுவனமான தெனாகாவின் செயலியிலேயே தினக்கணக்கு தெரியும். 310 யூனிட் ஓடியிருந்தால் மாத முடிவில் 620 ஆகும். மீதி 15 இரவும் ஏர்கோன் டைமரை இரண்டு மணி நேரம் முன்னதாக அணையும்படி வையுங்கள். 24 யூனிட் குறைந்து 596-இல் நிற்கும். வரியும் சரிக்கட்டும் தொகையும் சேர்க்காத கணக்கில் 27 ரிங்கிட்டுக்கு மேல் கையில் மிஞ்சும்.