பட்டையகல முன்பதிவு: ‘ஒதுக்கீடு’ ஏன் போதாது?

வலையமைப்பில் ஓர் அழைப்புக்கு வேண்டிய தரவு வேகத்தை வழி நெடுக முன்கூட்டியே பிடித்து வைப்பதுதான் பேண்ட்விட்த் ரிசர்வேஷன். இதைத் தமிழில் ‘அலைக்கற்றை ஒதுக்கீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். இதில் இரண்டு சொல்லுமே இடறுகிறது.

வானொலிப் பொறியியலில் பேண்ட் என்பது ஒரு கீழ் அதிர்வெண்ணுக்கும் மேல் அதிர்வெண்ணுக்கும் இடைப்பட்ட பட்டை. அதன் அகலத்தை ஹெர்ட்ஸில் அளப்பார்கள். கணினிக்காரர்கள் கைக்கு வந்தபின் அதே சொல் ‘நொடிக்கு எத்தனை பிட்’ என்று பொருள் மாறியது. 802.11பி வைஃபையில் சேனலின் அகலம் சுமார் 22 மெகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் நொடிக்கு 11 மெகாபிட். இரண்டையுமே பேண்ட்விட்த் என்பார்கள். 2ஜி விவகாரத்துக்குப் பிறகு அலைக்கற்றை என்றால் ஸ்பெக்ட்ரம் என்றே ஆகிவிட்டது. ‘கற்றையகலம்’ என்றால் ஆன்டெனா வீசும் கற்றையின் விரிவு என்று படிக்க இடமுண்டு. ஆகவே பட்டையகலம். பிட் கணக்கைத் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் ‘தரவு வீதம்’ என்று எழுதலாம்.

இந்த ரிசர்வேஷன் சிக்கலாகும் இடம் அட் ஹாக் வலையமைப்பு. அட் ஹாக் என்ற லத்தீன் தொடருக்கு ‘இதற்கென’ என்று பொருள். ‘தற்காலிக வலையமைப்பு’ என்ற வழக்கு பாதிதான் சரி. கோபுரமோ ரூட்டரோ இல்லாமல், நகரும் கருவிகளே ஒன்றுக்கொன்று பாக்கெட்டை, அதாவது தரவுப் பொட்டலத்தை, கடத்துவதுதான் இதன் அடையாளம்.

இனி ரிசர்வேஷன். நேரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் டிடிஎம்ஏ முறையை எடுத்துக்கொள்வோம். வழி தேடும் கோரிக்கை ஒவ்வொரு கணுவாக (வலையிலுள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு கணு) பரவும்போது, காலியாக உள்ள நேரத்துண்டை ஒரு கணு இந்த அழைப்புக்கென எடுத்து வைக்கிறது. இது அலொகேஷன், அதாவது ஒதுக்கீடு. சேருமிடத்திலிருந்து பதில் அதே வழியில் திரும்பி வந்தபின்தான் அது ரிசர்வேஷன் ஆகிறது. இடைப்பட்ட நிலையைக் குறித்து வைக்காவிட்டால், அதே நேரத்தில் வரும் இன்னொரு கோரிக்கைக்கும் அந்தத் துண்டு காலி என்றே கணக்காகும். இரண்டு அழைப்பும் ஒரே துண்டில் மோதும். காலி, ஒதுக்கியது, பதிவானது என்று மூன்று நிலை இருக்க, பின்னிரண்டையும் ‘ஒதுக்கீடு’ என்று மொழிபெயர்த்தால் வாசகர் எங்கே பிடித்துக்கொள்வார்? ரயில் டிக்கெட்டால் ஊறிப்போன ‘முன்பதிவு’ இருக்கும்போது வேறு தேட வேண்டியதில்லை.

‘பட்டையகலம் இவ்வளவு’ என்று சொல்வதிலும் ஒரு கண்ணி உண்டு. கம்பி வலையமைப்பில் ஒரு பாதையின் பட்டையகலம், அதிலுள்ள இணைப்புகளில் மிகக் குறைந்ததன் அளவு. கம்பியில்லா வலையில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். அ–ஆ–இ–ஈ என்று நான்கு கணுக்கள். மூன்று இணைப்பிலும் 1, 2 ஆகிய துண்டுகள் மட்டும் காலி. குறைந்தது இரண்டு என்று எழுதத் தோன்றும். ஆனால் ‘ஆ’ ஒரே துண்டில் வாங்கவும் அனுப்பவும் முடியாது. ‘இ’ ஈக்கு அனுப்பும் அலை ‘ஆ’வின் காதிலும் விழுவதால், ‘அ’ அனுப்புவது அங்கே கெட்டுப்போகும். ஆக மூன்று இணைப்புக்கும் மூன்று வெவ்வேறு துண்டு வேண்டும், இருப்பது இரண்டு. இந்தப் பாதையின் பட்டையகலம் பூச்சியம்.

கணு நகர்ந்து பாதை அறுந்தால், பழைய பதிவு யாருக்கும் பயனில்லாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதனால் பதிவுக்கு ஆயுள் வைக்கிறார்கள்; அதற்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு தானே கலைந்துவிடும். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2205 என்ற இணையத் தர ஆவணத்திலுள்ள, முன்பதிவுக்கான ஆர்எஸ்விபி நெறிமுறையில் புதுப்பிப்பு இடைவெளி இயல்பாக 30 நொடி. அதன் சூத்திரப்படி ஆயுள் குறைந்தது 157.5 நொடி. நிலையான இணையத்துக்கு அது பொருந்தும். நொடிக்கு 1.5 மீட்டர் நடப்பவர் அதற்குள் 236 மீட்டர் போய்விடுவார். ஆய்வுகளில் வழக்கமாக வைக்கும் ரேடியோ அலை எட்டும் தூரமே 250 மீட்டர்தான். எனவே இங்கே ஆயுளைச் சில நொடிகளாகக் குறைக்க வேண்டும். குறைத்தால் புதுப்பிப்புச் செய்திகளே பட்டையகலத்தைத் தின்னும். இந்த வகைப் பதிவை ஆங்கிலத்தில் சாஃப்ட் ஸ்டேட் என்கிறார்கள். ‘மென்நிலை’ என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. ‘காலாவதிப் பதிவு’ என்றால் விளங்கும்.