ஜாமீன் கிடைத்த சாயங்காலம் மாத்திரை எங்கே போச்சு?

43 கிலோ எடையுள்ளவருக்குக் காசநோய் என்றால் தினமும் மூன்று மாத்திரை. முதல் 56 நாளைக்கு ஒரு கலவை, அடுத்த 112 நாளைக்கு வேறொரு கலவை, ஆக மொத்தம் 168 நாள். மதுரையில் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கணக்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அந்த 168 நாளுக்கு நடுவே ஒருவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டால் மிச்ச மாத்திரை என்ன ஆகும்? ஒரு மனிதர் என் எதிரே வந்து உட்காரும்வரை நான் அதை யோசித்ததே இல்லை.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அடிதடி வழக்கில் ரிமாண்ட் ஆகி ஒரு சிறைக்குப் போனார். அங்கே எடுத்த சளிப் பரிசோதனையில்தான் நோய் இருப்பதே தெரிந்தது. ஐந்து வாரம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாமீன் உத்தரவு வந்தது, அன்றைக்கே வெளியே வந்துவிட்டார். மாத்திரை தினமும் பணியாளர் கண்முன்னால் விழுங்க வேண்டியது என்பதால் அட்டைகள் சிறை மருந்தகத்தில் இருந்தன. அந்த நேரத்துக்கு மருந்தகம் பூட்டியாகிவிட்டது. பதிவேட்டில் இருந்த முகவரி செல்லூரில் ஒரு வாடகை வீடு. எங்கள் களப்பணியாளர் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். "அவுக காலி பண்ணிப் போயி ஆறு மாசமாச்சே" என்றார்கள் பக்கத்து வீட்டில்.

நாலு மாதம் கழித்து அவரே வந்தார். எடை 38 கிலோ, சளியில் ரத்தம். கூட வந்த அக்காவின் இடுப்பில் மூன்று வயதுப் பேத்தி. பிள்ளையின் கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

"ஏன்யா மாத்திரையை விட்டீங்க?"

"ஜெயில் வாசல்ல போயி நின்னு மாத்திரை கேட்டா மறுபடி உள்ள வச்சிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு டாக்டரம்மா."

"ஊரு ஆஸ்பத்திரிக்காச்சும் போயிருக்கலாம்லடா" என்று அக்கா அழுதார்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சிகிச்சை அட்டையை எடுத்து மேசையில் விரித்தார். மேல் மூலையில் ஊதா மையில் சிறையின் முத்திரை. "இதக் கொண்டுபோயி எங்க ஊரு நர்சம்மாகிட்ட எப்படிக்கா காட்டுவேன்?"

அந்த முத்திரையை வைத்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் விதிப்படிதான் வைத்தார். ஆனால் ஒரு சின்ன ரப்பர் முத்திரை ஒரு மனிதரை மருந்திலிருந்து நாலு மாதம் தள்ளி வைத்திருக்கிறது. பேத்திக்கும் நோய் உறுதியாகி ஆறு மாதம் மருந்து கொடுத்தோம்.

"குத்தம் பண்ணிட்டு உள்ள போனவனுக்கு எதுக்கு இம்புட்டு?" என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் அவர்களிடம் சொல்வேன். இந்தியச் சிறைகளில் இருப்போரில் 100-க்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு உள்ளே போகிறவர் பத்து நாளிலும் வரலாம், பத்து மாதத்திலும் வரலாம். வந்தால் நாம் ஏறுகிற அதே டவுன் பஸ்ஸில்தான் ஏறுவார். 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர் இருக்கிறார்கள் என்பதும் அதே ஆண்டுக் கணக்குதான். சாயங்காலம் லாக்கப் ஆனால் மறுநாள் காலைவரை அத்தனை பேரும் ஒரே காற்றைத்தான் மூச்சு விட வேண்டும். உலக அளவில் சிறைக்குள் காசநோய் வெளியே இருப்பதைப் போலச் சுமார் 10 மடங்கு என்பதில் எனக்கு வியப்பே இல்லை. சொறி சிரங்கும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் களிம்பு தடவினால் போகாது, அந்த பிளாக் முழுக்க ஒரே நாளில் தடவி, துணி, ஜமுக்காளம் எல்லாம் அலசிக் காயப்போட வேண்டும்.

உள்ளே போகிற நாளையும் சொல்ல வேண்டும். அதுவும் ஆபத்தான நாள்தான். தினமும் குடிக்கிறவரைக் கைது செய்தால் அன்றோடு குடி நிற்கிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பிப்பார். "நடிக்கிறான் டாக்டரம்மா" என்று ஒரு வார்டர் என்னிடம் சொன்னார். நாடித் துடிப்பு 140. யாராலும் நாடியை நடிக்க முடியாது. கவனிக்காமல் விட்டால் இது உயிரைக் குடிக்கும், கவனித்தால் ஊசியிலும் மாத்திரையிலும் அடங்கிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எச்ஐவி கூட்டுமருந்து எடுப்பவர்கள் எல்லாருக்கும் முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம்.

ரிமாண்டுக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை கட்டாயம் உண்டு. நடுராத்திரி, கேஷுவாலிட்டியில் விபத்துக் கேஸ் இரண்டு காத்திருக்கும்போது, விலங்கோடு நிற்பவரை இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சான்று எழுதுவது நடக்கிறது. பயிற்சிக் காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் இறந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து அதைக் கையில் எடுத்தபோது, அந்த ஒற்றைச் சான்றுத் தாளுக்கு எவ்வளவு கனம் என்று எங்கள் எல்லாருக்கும் உறைத்தது.

நடுவில் இன்னொரு முட்டுக்கட்டை வழிக்காவல். கைதியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவரப் போலீஸ் துணை வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம், இருக்கிற போலீஸ் எல்லாம் வைகைக் கரையில் பந்தோபஸ்தில் நிற்கும். அந்த வாரம் ஸ்கேனுக்குத் தேதி வாங்கியவரின் தேதி தள்ளிப்போகும். நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் சிறைக்கே போனால் பாதித் தொல்லை தீரும் என்பது என் எண்ணம். கையடக்க எக்ஸ்ரே கருவி இப்போது இருக்கிறது. தூக்கிக்கொண்டு போக ஆள்தான் வேண்டும்.

வீட்டில் ஒருவர் கைதானால் வக்கீல், ஜாமீன் என்று அலைகிற அலைச்சலில் அவருடைய மருந்துச் சீட்டு யார் ஞாபகத்துக்கும் வராது. தயவுசெய்து அதைத் தேடி எடுங்கள். ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டிடம் வக்கீல் மூலமாக "இவருக்கு இன்ன நோய், இன்ன மருந்து" என்று சொல்ல வையுங்கள். அது எழுத்தில் ஏறட்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. சிறைக்கு மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது, "மாத்திரை குடுக்குறாங்களா, இருமல் இருக்கா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா" என்று கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சிறை மருத்துவருக்கு எழுதிக் கொடுங்கள். அவர் வெளியே வரும்போது காசநோய் மருந்தில் இருந்தால் நிக்‌ஷய் எண்ணை, அதாவது அரசின் காசநோய்ப் பதிவில் அவருக்கென்று உள்ள எண்ணை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொன்னால் நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் விட்ட இடத்திலிருந்து மருந்தைத் தொடரலாம். வழக்கு என்ன, எங்கே இருந்தீர்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. சந்தேகம் இருந்தால் காசநோய் உதவி எண் 1800-11-6666.

ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 24-ஆவது விதி, வெளியே இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் உள்ளே இருப்பவருக்கும் வேண்டும் என்கிறது. சிறை மருத்துவம் பொதுச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து நடக்க வேண்டும், சிகிச்சை அறுந்துபோகக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. காசநோயைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது.

அந்த மூட்டைத் தொழிலாளிக்குப் பிறகு ஒரு சிறையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் படிவம், மின்னஞ்சல் என்று யோசித்துக்கொண்டிருக்க, வாசலில் வேலை பார்த்த ஏட்டையா ஒருவர் சொன்னார்: "வெளிய போறப்ப பெல்ட்டு, பர்சு, செல்லு எல்லாம் எண்ணித்தானே குடுக்குறோம். அந்தப் பையிலயே மாத்திரையையும் போட்டு வச்சிட்டா?" அவ்வளவுதான். இப்போது அங்கே காசநோய் மருந்து தொடங்குகிற அன்றைக்கே ஒரு மாத மாத்திரை உடைமைப் பைக்குள் போய்விடுகிறது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் நிக்‌ஷய் எண்ணும் எங்கள் பிரிவின் போன் நம்பரும் மட்டும். முத்திரை கிடையாது.

போன மாதம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அழைப்பு. பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"டாக்டரம்மாங்களா? ஆரப்பாளையத்துல நிக்கிறேன். ஆண்டிபட்டி வண்டி ஏறப் போறேன். சீட்டுல இந்த நம்பர் இருந்துச்சு. பையில மாத்திரை இருக்கு. நாளைக்குக் காலையில சாப்புட்டுட்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். எண்ணை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.