ஊசலாட்டத்தை அடக்கப்போய் ஏறிய மின்னழுத்தம்

2025 ஏப்ரல் 28, நண்பகல் 12:03. ஸ்பெயினில் நல்ல வெயில், சூரிய மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரிய மின்தொகுப்பில் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஏறி இறங்கத் தொடங்கின. ஒரு அலைவுக்குச் சுமார் ஒன்றரை நொடி. நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆடிவிட்டு அடங்கியது. 12:19-க்கு இன்னொன்று வந்தது. இது நிதானமானது, ஐந்து நொடிக்கு ஒரு அலைவு. ஐபீரியா ஒரு பக்கமும் ஐரோப்பாவின் கிழக்குக் கோடி மறுபக்கமுமாக எதிரெதிரே ஆடின. கட்டுப்பாட்டு அறையினர் அதையும் அடக்கினார்கள். 12:33-க்கு ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் மின்சாரம் அடியோடு போய்விட்டது.

அடக்கிய பிறகும் ஏன் விழுந்தது என்று பார்க்குமுன், மின்தொகுப்பு ஏன் ஆடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு தொகுப்பில் இணைந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். அவற்றைப் பிணைப்பது கம்பிகளில் ஓடும் மின்சாரம்தான். ஒரு ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டார் சற்று முந்தினால் அதிலிருந்து அதிக மின்சாரம் வெளியேறி அதைப் பின்னுக்கு இழுக்கும்; பிந்தினால் மற்றவை முன்னால் தள்ளும். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள எஃகு இப்படி இழுபட்டால் சட்டென்று நிற்காது, கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பும். இந்த ஆட்டம் எப்போதும் இருக்கிறது. கேள்வியெல்லாம் அது தானாகத் தேய்கிறதா, வளர்கிறதா என்பதுதான்.

நிறைகுடத்தை ஏந்தி நடப்பவரைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் தளும்பும்போது கையைச் சரியான கணத்தில் சாய்த்தால் அடங்கிவிடும். அதே அசைவைக் கொஞ்சம் தாமதித்துச் செய்தால் பாதித் தண்ணீர் தரையில். ஜெனரேட்டரில் இந்தக் கை வேலையைச் செய்வது, காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் மின்னழுத்தச் சீராக்கி. அதை வேகமாகச் செயல்பட வைத்தபோது மின்னழுத்தம் நன்றாக நின்றது. ஆனால் அதன் அசைவு ரோட்டாரின் ஆட்டத்துக்குத் தப்பான நேரத்தில் விழுந்து ஆட்டத்தை வளர்த்தது. ஆகவே 1960-களின் இறுதியில் கூடுதலாக ஒரு சாதனம் பிறந்தது: பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர். ரோட்டாரின் வேகம் எப்போது கூடுகிறது, குறைகிறது என்று கவனித்து, ஆட்டத்தைத் தேய்க்கும் கணத்தில் காந்தப்புலத்தைக் கூட்டும், குறைக்கும். விலை குறைவு, பலன் பெரிது. இன்றுவரை இதற்கு ஈடான மலிவு வைத்தியம் எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஊசலாட்டம் சூரிய, காற்று மின்சாரத்தோடு வந்த நோய் என்று நினைத்துவிடக் கூடாது. 1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நான்கு நொடிக்கு ஒரு அலைவு வளர்ந்து வளர்ந்து தொகுப்பையே நான்கு துண்டாக்கியது. 75 லட்சம் மின் இணைப்புகள் இருளில் மூழ்கின. அன்று ஆடியவை எல்லாம் நீர், அனல், அணு நிலையங்களின் ஜெனரேட்டர்கள்தாம்.

இப்போது மாறியிருப்பது, ஆட்டத்தின் பிறப்பிடம். சோலார் பலகைக்கும் தொகுப்புக்கும் நடுவில் இருப்பது இன்வெர்ட்டர், அதாவது மென்பொருள் ஆளும் சுவிட்சுகள். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் தொகுப்பின் மின்னழுத்த அலையை அளந்து, அதைப் பின்பற்றி மின்சாரத்தைச் செலுத்துபவை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, நீண்ட லைனின் முனையில் இணைத்தால் சிக்கல்: தான் செலுத்தும் மின்சாரமே, தான் அளக்கும் அலையை அசைக்கும். அசைவுக்கு எதிர்வினை, எதிர்வினையால் மறுபடி அசைவு. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் ஐந்து சோலார் பண்ணைகளை இந்த ஆபத்துக்காகவே 2019 செப்டம்பரில் பாதி உற்பத்தியோடு நிறுத்தி வைத்தார்கள். 2020 ஏப்ரலில் விடுவித்தார்கள். தீர்வாக அமைந்தது இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் திருத்தியதுதான். புது லைன் போட்டதல்ல. ஸ்பெயினின் 12:03 ஆட்டத்துக்கும் அரசின் ஆய்வறிக்கை காட்டிய இடம் படஹோஸ் மாகாணத்தின் ஒரு சோலார் நிலையம்.

இனி 12:19. மேற்கிலிருந்து அதிக மின்சாரம் ஏற்றுமதியாகும்போது இரு முனைகளையும் பிணைக்கும் இழுவிசை தளரும். அதனால் பிரான்சுக்குப் போகும் ஏற்றுமதியைக் குறைத்தார்கள். உள்நாட்டில் கூடுதல் லைன்களை இணைத்தார்கள்.  இரண்டுமே பாடப்புத்தகத்தில் உள்ள நடவடிக்கைகள், ஆட்டமும் நின்றது.

ஆனால் 400 கிலோவோல்ட் லைன் ஒரு நீளமான மின்தேக்கியும்கூட (கெப்பாசிட்டர்). நிறைய மின்சாரம் ஓடும்போது அந்தக் குணம் வெளியே தெரியாது. சுமை குறைந்தால் லைனே ரியாக்டிவ் பவரை, அதாவது வேலை எதுவும் செய்யாமல் முன்னும் பின்னும் அலையும் மின்சாரத்தை, வெளிவிட்டு மின்னழுத்தத்தை உயர்த்தும். ஏற்றுமதி குறைந்து லைன்களும் கூடியதால், ஆட்டம் தணிந்த அதே வேளையில் மின்னழுத்தம் ஏற வழி பிறந்தது. அதை உறிஞ்சி இறக்க வேண்டியவற்றில் சோலார் நிலையங்கள் சேரவில்லை. அன்றைய ஸ்பானிய விதிப்படி அவை உற்பத்திக்கு ஏற்ற நிலையான விகிதத்தில்தான் ரியாக்டிவ் பவரை உறிஞ்சும். உற்பத்தி குறைந்தால் உறிஞ்சுவதும் குறையும், அதாவது மின்னழுத்தம் இன்னும் ஏறும். 12:32-ன் கடைசி நொடிகளில் கிரனாடா பகுதியில் முதல் பெரிய டிரிப், அதாவது மின்னுற்பத்தி தொகுப்பிலிருந்து தானாகத் துண்டிக்கப்பட்டது. அது போனதால் அழுத்தம் கூடி அடுத்தது, அதனால் அடுத்தது. மின்னழுத்தம் ஏறி ஏறியே ஒரு தொகுப்பு சங்கிலியாகச் சரிந்தது ஐரோப்பாவில் இதுவே முதல் முறை என்கிறது ஐரோப்பிய மின்தொகுப்பு அமைப்புகளின் ஆய்வுக் குழு.

என் கணிப்பில், கட்டுப்பாட்டு அறையிலிருந்து லைன்களைச் சேர்த்தும் பிரித்தும் ஊசலாட்டத்தை அடக்குவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். தணிப்பு ஒவ்வொரு நிலையத்துக்குள்ளும் தானாக நடக்க வேண்டும். பேட்டரியோடு சேர்ந்த புது ரக இன்வெர்ட்டர்கள் தொகுப்பைப் பின்பற்றாமல், தாங்களே மின்னழுத்த அலையை உருவாக்கி ஜெனரேட்டர் போல நடந்துகொள்கின்றன. ஸ்டெபிலைசரின் வேலையை அவற்றின் மென்பொருளிலேயே எழுதிவிடலாம். ஆட்டத்தைப் பார்க்கவும் தனிக் கண் வேண்டும். வழக்கமான கட்டுப்பாட்டு அறைத் திரை சில நொடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால் ஒன்றரை நொடி அலைவு அதில் சரியாகப் பதியாது. ஜிபிஎஸ் நேரத்தோடு நொடிக்கு 25 அல்லது 50 முறை அளக்கும் ஃபேசர் அளவிகள்தாம் அதைப் பிடிக்கும்.

நமக்கும் இதில் பங்குண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் தென்மண்டலத்தை நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே தாளத்தில் சேர்த்தது. அன்று முதல் முப்பந்தல் காற்றாலையும் இமயமலை நீர்மின் நிலையமும் ஒரே தொகுப்பில் ஆடுகின்றன.

ஸ்பெயினில் 2025 ஜூனில் விதியைத் திருத்தி, சோலார், காற்று நிலையங்களும் மின்னழுத்தக் கட்டுப்பாட்டில் பங்கேற்க வழி செய்தார்கள். இனி அங்குள்ள பொறியாளர்களுக்கு நிலையம் நிலையமாக ஒரு வேலை காத்திருக்கிறது: மின்னழுத்தத்தை இறக்கும் அளவுக்கு வேகமாகவும், அந்த வேகத்திலேயே புது ஆட்டம் கிளம்பாதபடியும் இன்வெர்ட்டர்களைச் சரிசெய்வது.